மரகதவல்லிக்கு ஒட்டகப் பட்டம்

பாலைத்திணையைப் பாலைவனத்திலேயே போய்ப் படிக்க வேண்டும் என்று மஸ்கட் பாலைத்தமிழ்ப் பேரவையில் ஒரு தீர்மானம் வந்தது. முன்மொழிந்தவர் தலைவர் முனைவர் குணாளன். மற்றவர்கள் வாய் திறப்பதற்குள் வழிமொழிந்தவரும் அவரே. அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எந்த ஊரில் இருக்கிறது என்பது பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. இருக்கிறதா என்றே கேட்கும் மூன்றாவது கட்சியும் உண்டு. அவர்களுக்குப் பேரவையில் உறுப்பினர் அட்டை கிடையாது.

மூன்று வண்டிகளுக்கும் சாமான் ஏற்றும் பொறுப்பு தில்லைநாயகத்தின் தலையில் விழுந்தது. கப்பல் சரக்குக்குக் காப்பீடு எழுதும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஆகவே சரக்கு ஏற்றவும் தெரிந்திருக்கும் என்பது தலைவரின் முடிவு. தில்லைநாயகம் மறுக்கவில்லை. பேரவையில் செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, மணலில் சக்கரம் புதைந்தால் அடியில் கொடுக்கும் பலகைகள், டீசல் கேன்கள் என்று தலைவர் வீட்டு வாசலில் பரப்பி வைத்து, எதை முதலில் ஏற்றினால் எது அவசரத்துக்குக் கையில் அகப்படாது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த யோசனையில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு இடமே இல்லை. தலைவரின் யோசனையில் அதைத் தவிர வேறெதுவும் இல்லை.

தண்ணீரைப் பற்றி மட்டும் தில்லைநாயகம் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அதைத் தாகமணி பார்த்துக்கொண்டது.

பாலைவனச் சாலையில் போன கூட்டங்கள் சில, கையில் தண்ணீர் இருந்தும் செத்துப்போயிருந்தன. வலுத்தவன் குடித்தான், இளைத்தவன் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. ஆளுக்கொரு குழாய் வைத்த தொட்டி இல்லாமல் எந்தக் கூட்டமும் பாலைவனத்துக்குள் நுழையக் கூடாது. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய அமுதளவு என்கிற கம்பெனி ஒரு மணியைக் கண்டுபிடித்தது. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். நீங்கள் எப்போது குடிக்கிறீர்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள், குடிக்காமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பதையெல்லாம் அது கவனித்துக்கொண்டே இருக்கும். பிறகு உங்கள் பங்கைக் கணக்கிட்டு, தொட்டியில் உங்கள் பெயர் ஒட்டிய கண்ணாடிக் குழலில் நிரப்பச் சொல்லும். மணியைக் கிட்டே கொண்டுபோனால்தான் குழாய் திறக்கும். அடுத்தவர் கெஞ்சினாலும் மிரட்டினாலும் திறக்காது. மனித குலத்தில் இவ்வளவு நியாயம் இதற்கு முன் நடந்ததே இல்லை என்று விளம்பரத்தில் ஒரு நடிகர் கண் கலங்குவார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, கம்பெனியிலிருந்து ஷெரின் என்ற பெண் வந்து தொட்டியை வண்டியில் பூட்டினாள். நாகர்கோவில்காரி. பழுது பார்ப்பதற்காகப் பயணத்திலும் கூட வரப்போகிறவள். குழல்களில் தண்ணீர் ஏறுவதை எல்லாரும் தேர்தல் முடிவு பார்ப்பதுபோல நின்று பார்த்தார்கள். தலைவரின் குழல் கழுத்து வரை ஏறியது, கைதட்டினார்கள். தில்லைநாயகத்தின் குழல் பாதியைத் தாண்டியது. அவருடைய மனைவி மரகதவல்லியின் குழலில் தண்ணீர் அடியை நனைத்துவிட்டு, எதற்காக வந்தோம் என்பது மறந்துபோன ஆள்போல அப்படியே நின்றுவிட்டது.

"ரிப்பேரா?" என்றார் தில்லைநாயகம்.

"இல்ல சார். அக்காவுக்கு அவ்வளவுதான் தேவை. ஒட்டகப் பிரிவு. அதுல இவ்வளவு கீழ நான் பாத்ததே இல்ல."

தலைவர் நெருங்கி வந்தார். "அப்படின்னா தொட்டியில எடை மிச்சமாகுமே."

"ஆகும் சார்."

"ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி அளவுக்கு ஆகுமா?"

ஆகும் என்றாள் ஷெரின். அடுத்த நிமிடம் ஒரு பொன்னாடை வந்தது. பேரவையில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் பொன்னாடைக்கு வந்ததில்லை. மரகதவல்லியின் தோளில் அதைப் போர்த்தி, ஒட்டகப் பட்டமும் சூட்டி, தாகத்தையே தாகத்தால் தவிக்கவிட்ட தமிழ்ப் பெண்மை இதுவென்று தலைவர் ஒரு சிற்றுரை ஆற்றினார். அது முடிவதற்குள் மூன்று முறை தண்ணீர் குடித்தார். மரகதவல்லி வெயிலில் ஜரிகையோடு நின்றாள். வெள்ளிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாலைத்திணை நடத்துகிறவள் அவள். இத்தனை வருஷமாகப் பாலைவனத்தின் விளிம்பில் இருந்துகொண்டு, புத்தகத்திலிருந்த படத்தைக் காட்டித்தான் நடத்தியிருக்கிறாள். இந்தப் பயணத்துக்கு மனசார ஆசைப்பட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது தில்லைநாயகத்துக்கும் தெரியும்.

பெருமைப்பட வேண்டிய நேரம் என்று தோன்றியது. ஆனால் அந்தக் குழலைப் பார்க்கும்போதெல்லாம் பெருமை எங்கோ போய்க் குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"நீ இவ்வளவு கொறச்சலாவா தண்ணி குடிக்கிற?" என்று அவளைத் தனியே கேட்டார்.

"பழக்கம்தாங்க."

"என்ன பழக்கம்?"

"பழக்கம்னா பழக்கம். புளிசாதத்துக்கு நல்லெண்ணெய் வாங்கணும், ஞாபகம் இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் ஷெரினிடம் போனார். அவள் வண்டிக்குள் குனிந்து குழாய்களைச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இவ ஏன் குடிக்கலன்னு உங்க மணிக்குத் தெரியுமா?"

"ஏன்ங்கிறது அதுக்குத் தெரியாது சார். குடிக்கல, கீழ விழவும் இல்ல. அப்ப அந்த அளவு போதும்னு எடுத்துக்கும்."

"தலைவருக்கு அவ்வளவு எதுக்கு?"

"அவரு பேசும்போதெல்லாம் குடிக்காரு. ரெண்டு வாரமா பேசிட்டேதான் இருந்தாரு. தண்ணி இல்லாட்டி இந்த ஆளு தாங்க மாட்டாருன்னு மணி பயந்துட்டு."

"பாலைவனத்துல இவளுக்கு மயக்கம் கியக்கம் வந்தா?"

"வழக்கத்தைவிட கொறஞ்சா மணி கத்தும் சார். அக்காவுக்கு வழக்கமே கொறச்சல். அதனால கத்த லேட்டாகும்." ஷெரின் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "லேடீஸ் எல்லாருக்குமே பெரும்பாலும் இப்படித்தான் வருது. லேடீஸ் கூடுதலா உள்ள குரூப்புக்கு எங்க கம்பெனியில டிஸ்கவுண்ட் உண்டு. சின்னத் தொட்டி போதும் பாருங்க."

மறுபடி அளக்க வேண்டுமானால் மறுபடி இரண்டு வாரம் மணி கட்ட வேண்டும். அதை விட்டால் ஒரே வழி, வேறு ஏதாவது எடையை இறக்கிவிட்டு ஒரு கேன் தண்ணீர் ஏற்றுவது. தில்லைநாயகம் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியின் மேல் கை வைத்தபடி தலைவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, இது இல்லாமலும் பேசலாமே."

"பாலைவனத்துல ஒலிபெருக்கி இல்லாம பேசினா யாருக்குக் கேக்கும், தில்லை?"

"அங்க நம்மளத் தவிர ஆளே இல்லையேய்யா."

"அதனாலதான் ஒலிபெருக்கி. கிட்ட ஆள் இருந்தா எதுக்கு அது?" என்றார் தலைவர். தில்லைநாயகம் இதை இரண்டு தடவை மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். எங்கேயோ இடித்தது. எங்கே என்று பிடிபடவில்லை. "அதுவும் இல்லாம, பட்டம் வாங்கின அம்மாவுக்கு நாமே தனியா கேன் ஏத்தினா பட்டத்துக்கு என்ன மரியாதை?"

மறுபடி ஷெரின்.

"அப்ப என் பங்கை அவளுக்கு மாத்திடு. நான் சமாளிச்சுப்பேன்."

ஷெரின் கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். சிரிப்பை அடக்கினாள் என்பது அவள் காதைப் பார்த்தாலே தெரிந்தது.

"சார், உங்க குழாய் உங்களுக்கே திறக்காது."

"ஏன்?"

"அக்காவோட மணி கிட்ட வந்தாதான் திறக்கும். ரெண்டு வாரத்துல ஒரு தடவைகூட நீங்களா எடுத்துக் குடிக்கல. ஒவ்வொரு கிளாசும் அக்கா கையால வந்திருக்கு. தானா எடுத்துக் குடிக்கத் தெரியாதவங்களுக்கு நாங்க இப்படி ஒரு ஏற்பாடு வச்சிருக்கோம். கைக்குழந்தைங்க, படுக்கையில கிடக்கவங்க."

"எனக்கு எடுத்துக் குடிக்கத் தெரியும்மா."

"தெரியும் சார். மணிக்குத்தான் தெரியல."

அவமானப்பட வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று தில்லைநாயகத்துக்குப் புரியவில்லை. தன் தண்ணீர் மனைவியின் கையில்தான் வரும். வந்ததை யார் வாயில் ஊற்றினார்கள் என்று தொட்டி கேட்கப்போவதில்லை. அப்படியானால் சிக்கல் தீர்ந்தது. கைக்குழந்தை ஆனதிலும் ஒரு லாபம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு தலைவர் வீட்டுச் சமையலறைக்குப் போனார். மரகதவல்லி புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் முடிச்சுட்டேன். என் பங்கும் உன் கைக்குத்தான் வரும். அங்க நீ தாராளமா குடிக்கலாம்."

அவள் கரண்டியை நிறுத்தினாள். "குடிச்சுட்டு?"

"குடிச்சுட்டு என்ன?"

"குடிச்சுட்டு எங்க போறது?"

"எங்க போறதுன்னா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பார்த்ததில்லை என்பதில்லை; அவர் கவனித்ததில்லை.

"வண்டியை நிப்பாட்டினா நீங்கல்லாம் நாலடி தள்ளிப் போய்த் திரும்பி நின்னுக்குவீங்க. நான் எங்க போறது? பள்ளிக்கூடத்துல கக்கூசுக்குக் கதவு கெடையாது. உங்க வீட்டுல ஹாலைத் தாண்டிப் போகணும், ஹால்ல மாமாவும் நாலு பேரும் சீட்டு விளையாடிட்டு இருப்பாங்க. சிவகாசியிலேருந்து மெட்ராஸ் வர்றப்போ பஸ் எங்க நிக்கும்னு உங்களுக்கே தெரியும். இங்க வெள்ளிக்கிழமை வகுப்பு நடக்கிற கட்டடத்துல இருக்கிறது ஒண்ணு, அதுவும் ஆம்பளைங்களுக்கு. பயணத்துக்காக ரெண்டு வாரமா அங்கயும் இங்கயும் அலைஞ்சேன். அலையறப்போ யாராவது குடிப்பாங்களா?"

"அப்ப உனக்குத் தாகமே எடுக்காதுன்னு நான் நெனச்சது..."

"நீங்க எங்க நெனச்சீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

"அப்ப நீ வர வேண்டாம்."

"நான் வரத்தான் போறேன். எனக்குப் பழக்கம். நீங்க போட்டுக் குழப்பாதீங்க."

வண்டியில் ஜாக்கி இரண்டு இருந்தது, கயிறு மூன்று சுருள் இருந்தது. சுற்றிக் கட்டி மறைக்க ஒரு கூடாரம் வேண்டும் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தபடி தில்லைநாயகம் தலைவரைத் தேடிப்போனார்.

"ஐயா, பெண்களுக்குன்னு ஒரு ஏற்பாடு..."

"பண்ணியாச்சு தில்லை. நிறைவுரையில ரெண்டு பத்தி அவங்களுக்குத்தான்."

விளக்கிச் சொல்லியிருக்கலாம். தலைவர் அப்போது பேரவை அலுவலக அறையில், காலியாக இருந்த செயலாளர் நாற்காலியின் முதுகில் கை வைத்திருந்தார். தில்லைநாயகம் நல்லெண்ணெய் வாங்கப் போய்விட்டார்.

மறுநாள், தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். அதற்கப்புறம் வழியெங்கும் வண்டிகள் நிற்கும்போதெல்லாம் ஆண்கள் நாலடி தள்ளிப் போனார்கள், திரும்பி நின்றார்கள், வந்தார்கள், தொட்டியில் தண்ணீர் பிடித்துக் குடித்தார்கள். பெண்கள் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கடலை மிட்டாய் கொடுத்துக்கொண்டார்கள். மரகதவல்லி இறங்கி வந்து தில்லைநாயகத்துக்கு ஒரு தம்ளர் பிடித்துக் கொடுத்துவிட்டு, தான் குடிக்காமலே ஏறிக்கொண்டாள். "நீ?" என்று அவர் கேட்டபோதெல்லாம் "அப்புறம்" என்றாள். உண்மையில் ஒவ்வொரு தடவையும் அவர் கேட்கவும் இல்லை.

நாலா பக்கமும் மணலைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்து, தலைவர் விழா மேடைக்கு உகந்த இடம் என்றார். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நாலு கம்பு நட்டு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். அதில் தலைவரின் முகம் ஒரு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டு, வருகை தருவோரை வருக வருக என்றது. ஒலிபெருக்கியை ஒருவர் தட்டிப் பார்த்தார்.

மரகதவல்லி வண்டியிலிருந்து இறங்கி வெயிலில் தனியே நின்றாள். இவ்வளவு ஆசைப்பட்டுப் பார்க்க வந்தவள், பார்க்கட்டும் என்று தில்லைநாயகம் விட்டுவிட்டார். சற்று நேரம் கழித்துத்தான் அவள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"யாரும் எந்திரிக்கக் கூடாது. பின் பெஞ்சு, சத்தம் போடாத."

"மரகதம்?"

அவள் திரும்பினாள். மரியாதையாகச் சிரித்தாள். "வாங்க சார். நீங்க யாரோட அப்பா? வகுப்பு முடிஞ்சிருச்சு, பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க."

அவள் உதடு வெடித்திருந்தது. நெற்றியில் வேர்வையே இல்லை. கழுத்தில் மணி பச்சையாக, பரம சாதுவாக ஒளிர்ந்தது. எல்லாம் வழக்கப்படி இருக்கிறது என்றது அது.

தில்லைநாயகம் அவளைத் தோளோடு அணைத்துத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். அவள் கழுத்தைக் குழாயருகே சாய்த்ததும் அவருடைய குழாய் திறந்தது. ஷெரின் ஓடிவந்து தம்ளரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கினாள். அவர் அதை மரகதவல்லியின் வாயருகே கொண்டுபோனார். கொஞ்சம் சிந்தியது. இந்த வேலை அவருக்குப் புதிது.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யார் என்ன என்று எல்லாம் கலைந்துபோயிருந்த தலைக்குள் அது மட்டும் கலையாமல் இருந்தது.

"வேண்டாம் சார். எங்க போறது?"

தில்லைநாயகம் சுற்றிப் பார்த்தார். ஒரு செடிகூட இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைப்பாக நின்றது ஒன்றே ஒன்றுதான். அவர் போய் அதை அவிழ்த்தார்.

"தில்லை, என்ன பண்றே? உரை தொடங்கப் போகுது."

கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். நாலு கம்பை மணலில் ஊன்றி, சுற்றிலும் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டினார். கப்பல் சரக்குக்குக் கட்டும் முடிச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. புடவை முடிச்சுத்தான் போட்டார்.

"அது என் முகம்," என்றார் தலைவர், பின்னாலேயே வந்து.

"முகம் வெளிப்பக்கம்தான் இருக்குங்கய்யா. உள்ள திருப்பல."

தலைவர் நன்றி சொல்வதா வேண்டாமா என்று தடுமாறி நின்றார்.

தில்லைநாயகம் மரகதவல்லியைக் கூட்டிவந்து காட்டினார். "இங்க போகலாம். பாரு, யாருக்கும் தெரியாது. நான் அந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்." அவள் ஃப்ளெக்ஸைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு தம்ளரைத் தானே வாங்கிக்கொண்டாள். சின்னச் சின்ன மடக்காக, நிறுத்தி நிறுத்தி, ஷெரின் சொன்னபடி குடித்தாள். இன்னொரு தம்ளர் வந்தது. அதற்கப்புறம் இன்னொன்று.

வண்டிகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பெண்கள் இறங்கி வந்து, தலைவரின் சிரித்த முகத்துக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். வரிசையில் முதல் ஆள் ஷெரின். அவளுடைய குழலும் மரகதவல்லியின் குழலைவிட ஒரு விரல்தான் உயரம் என்பதைத் தில்லைநாயகம் அப்போதுதான் பார்த்தார்.

திரும்பி வந்தவர்கள் தொட்டிக்குப் போனார்கள். குடித்தார்கள். தங்கள் குழல் தீர்ந்ததும் கணவன்மாரைக் கூட்டிவந்து அவர்கள் குழாயைத் திறக்கச் சொன்னார்கள். கழுத்துகளில் மணிகள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் மாறின. இரண்டு வாரமாகத் தெரிந்துவைத்திருந்ததெல்லாம் தப்போ என்று அவற்றுக்கு ஐயம் வந்துவிட்டது. தொட்டி ஒரு தடவை உறுமியது. ஷெரின் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள்.

"என்ன சொல்லுது?" என்றார் தலைவர், மைக்கை விடாமல்.

"எல்லாருக்கும் கணக்கை மறுபடி போட்டுட்டு சார். இந்த ரேட்டுல திரும்பிப் போற வரைக்கும் தண்ணி வராது. ரெண்டு வழி சொல்லுது."

"என்னென்ன?"

"ஒண்ணு, இப்பவே திரும்பணும்." அவள் திரையை இன்னொரு தடவை பார்த்தாள். "இல்லன்னா, ஒண்ணாம் நம்பர் பயணி பேசாம வந்தா எல்லாருக்கும் தாராளமா இருக்கும்."

யார் ஒண்ணாம் நம்பர் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மூன்று வண்டிப் பயணிகளின் எண்களும் அவரிடமிருந்துதான் தொடங்கின. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவரே சொல்லியிருந்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். ஆண்கள் மணலைப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற பெண்கள் அவரையே பார்த்தார்கள். யாரும் முன்மொழியவில்லை, யாரும் வழிமொழியவில்லை. ஆனாலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்பது எப்படியோ எல்லாருக்கும் தெரிந்தது. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். பிறகு பொத்தானை அணைத்துவிட்டு, வண்டி நிழலில் போய் உட்கார்ந்தார்.

மரகதவல்லி மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஈரத்துண்டு தலையில் இருந்தது. கண் தெளிந்திருந்தது.

"நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார் தில்லைநாயகம்.

"தெரியுது. பேசாம உக்காருங்க. கேக்கட்டும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காதைத் தீட்டிக்கொண்டார். காற்று நின்றிருந்தது. எஞ்சின்கள் அணைந்திருந்தன. மணலுக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு சத்தமும் இல்லை.

"என்ன கேக்குது?" என்றார் மெதுவாக.

"ஒண்ணுமே கேக்கல," என்றாள் அவள், கண்ணை மூடிக்கொண்டு.

அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று தில்லைநாயகத்துக்கு விளங்கவில்லை. இருந்தாலும் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.